கணக்கு சாரைக் கூப்பிடலாமா, வேண்டாமா? (89 பேட்ச் சந்திப்பு, ஒரு குழப்பம்)

#1 கொள்ளிடக்கரை | ஜூலை 4, வெள்ளி, இரவு 10:12

வணக்கம். பல வருஷமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு யோசனை வேண்டும்.

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் 1989 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள் நாங்கள். நாலு வருஷமாக வாட்ஸப் குழு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. காலை வணக்கப் பூக்களைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. இப்போதுதான் திடீரென்று சூடு பிடித்து, இந்த மாதம் 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவது என்று ஆகியிருக்கிறது. உயிரோடு இருக்கும் ஆசிரியர்கள் ஐந்து பேருக்குச் சால்வை, பள்ளிக்கு ஒரு ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரம், மதியம் வாழை இலைச் சாப்பாடு. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

சிக்கல் கணக்கு சாரால். இப்போது எண்பத்து நாலு வயது. எங்கள் காலத்தில் அவர் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். பிரம்பு வைத்துக்கொள்ள மாட்டார். நாங்களே புளிய விளார் ஒடித்துக்கொண்டு போக வேண்டும். நல்ல விளாராகக் கொண்டுபோனவனுக்கு அன்று அடி குறையும். அதே மனிதர்தான் பரீட்சைக்கு முந்தின இரண்டு மாதம் பள்ளியிலேயே எங்களைப் படுக்க வைத்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ராத்திரி பதினோரு மணிவரை வடிவியல் நடத்தினார். காசு வாங்கவில்லை. டீயும் பன்னும் அவர் கைக்காசு. எனக்குக் கணக்கில் 91. அந்த 91 இல்லையென்றால் பாலிடெக்னிக் இல்லை, இன்றைக்குச் சென்னையில் வீடும் இல்லை.

எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். பேர் வேண்டாம். அவன் அப்பா ஊருக்கு வெளுப்பு வேலை செய்தவர். ஒன்பதாவது படிக்கும்போது, 88 பொங்கல் லீவு முடிந்த முதல் நாள், வீட்டுப்பாட நோட்டு கொண்டுவரவில்லை. சார் அடித்தார். அது தினமும் நடப்பது. அடித்துவிட்டு, "நீயெல்லாம் கழுதை மேய்க்கத்தான்டா லாயக்கு" என்றார். வகுப்பில் ஒரே சிரிப்பு. மறுநாள் அவன் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

போன மாதம்தான் திருப்பூரில் அவனைக் கண்டுபிடித்தோம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குழுவில் சேர்த்தோம். ஆசிரியர்கள் பட்டியலைப் பார்த்ததும் ஒரே வரி போட்டான்: "அவர் வந்தா நான் வரல, தப்பா நினைக்காதீங்கடா." அன்றிலிருந்து குழு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. "சார் எல்லாரையும்தானே அடிச்சார், இவனுக்கு மட்டும் என்ன" என்று ஒரு கட்சி. "சார் வேண்டாம், இவன் வரட்டும்" என்று இன்னொரு கட்சி. நான் பொருளாளர். இரண்டு பக்கமும் என்னைத்தான் பிடுங்குகிறார்கள்.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

#2 பெஞ்சு_4 | ஜூலை 4, இரவு 10:40

இதுல யோசிக்க என்ன தலைவரே இருக்கு? சாரைக் கூப்பிடுங்க. எண்பத்து நாலு வயசு மனுஷன். ராத்திரி பாடம் நடத்தி டீ வாங்கிக் குடுத்த ஆளு இப்ப எங்க கிடைக்கும்? எங்கப்பா என்னை ஒண்ணாவதுல கொண்டுவிட்டப்பவே வாத்தியார்கிட்ட சொன்னது, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." அந்த அடிதான் இன்னிக்கு சோறு போடுது. அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க. இப்ப பசங்களைத் தொட முடியல, அதான் வாத்தியாரையே முறைக்கிறானுங்க.

உங்க நண்பர் பாவம்தான், இல்லைங்கல. ஆனா முப்பத்தேழு வருஷம் ஆச்சு. விட்டுடலாம்.

#3 முதல்தலைமுறை | ஜூலை 4, இரவு 11:25

"எல்லாரையும்தானே அடிச்சார்" என்கிற வாக்கியத்தில்தான் எனக்குத் தடுக்குகிறது.

கொள்ளிடக்கரை அண்ணா, உங்களைக் கழுதை என்று சார் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? நூறு? உங்களுக்கு அது ஒரு வசவு. சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். அவருக்கு அது வீட்டு வாசலில் கட்டியிருந்த பிராணி. தினமும் அதன் முதுகில் மூட்டை ஏற்றித் துறைக்கு ஓட்டிப்போனது அவர் அப்பா. வார்த்தை ஒன்றுதான். உங்கள்மேல் பட்டுக் கீழே விழுந்துவிட்டது, அவர்மேல் ஒட்டிக்கொண்டது. விளாரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வீக்கம் வந்திருக்கலாம், இது அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அவரவர் வீட்டுத் தொழில். "குலக்கல்வி" என்று பெயர் விழுந்து, எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷம் காமராஜர் வந்ததும் எடுத்தார்கள். காகிதத்தில் எடுத்தாயிற்று. 1988-லும் ஒரு கணக்கு வகுப்பில் அது பாக்கி இருந்திருக்கிறது, அவ்வளவுதான். "கழுதை மேய்க்க லாயக்கு" என்றால் வேறு என்ன அர்த்தம்?

பெஞ்சு_4, மாட்டுக்குத்தான் அந்தப் பழமொழி. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-ஆம் விதியை 2003-லேயே மாற்றி, அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை அடிப்பதோடு நிற்கவில்லை, மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது.

#4 பெஞ்சு_4 | ஜூலை 4, இரவு 11:31

சட்டம் 2003. சம்பவம் 1988. 😐

#5 சாக்பீஸ்தூள் | ஜூலை 5, சனி, காலை 6:05

நான் வாத்தியார். புதுக்கோட்டை மாவட்டத்தில் முப்பத்து நாலு வருஷம், கடைசி ஒன்பது வருஷம் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். ஓய்வுபெற்றுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூக்கம் வராத நேரத்தில் இந்த இழையைப் படித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் அடித்தவன்தான். 1981-ல் வேலைக்குச் சேர்ந்தபோது ஓட்டுக் கூரை போட்ட ஒரே நீள அறை, நடுவில் தட்டி, இந்தப் பக்கம் மூன்றாவது, அந்தப் பக்கம் நாலாவது, இரண்டுக்கும் நான். மொத்தம் எழுபது பிள்ளைகள். ஒரு பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்று 'கரும்பலகைத் திட்டம்' வந்ததே 1987-ல்தான். பயிற்சிப் பள்ளியில் மனோதத்துவம் என்று ஒரு பாடம் படித்தேன். தேர்வு எழுதினேன், பாஸ் செய்தேன். எழுபது பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பாடம் இல்லை, என்னை அடித்த என் வாத்தியார்தான். அவர் எப்படி நின்றாரோ அப்படி நின்றேன். குச்சியைக்கூட அவர் மாதிரியே பிடித்தேன்.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

என்னை மாற்றியது எந்தச் சட்டமும் இல்லை. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பகலில் பள்ளிக்கூடம், ராத்திரி ஊர் மந்தையில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பெரியவர்களுக்கு எழுத்து. கல் குவாரியில் உடைத்துவிட்டு வருகிற பெண்கள், களையெடுத்துவிட்டு வருகிற பெண்கள். அதில் ஓர் ஆத்தாவுக்கு அறுபது வயதிருக்கும். 'ட' எழுதச் சொன்னால் ஒரு மாதமாக 'ப' எழுதுகிறது. பகலில் என்றால் என் கை தானாக நீண்டிருக்கும். இது என் அம்மா வயது. எப்படி அடிப்பது? உட்கார்ந்து யோசித்தேன். கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கும் ஆத்தா, ஒரு பக்கம் திறந்திருக்கும் என்றேன். "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு எழுதியது. அன்று ராத்திரி வீட்டுக்கு நடந்து வரும்போது, பத்து வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாளைச் சொல்லாமல் குச்சியைக் காட்டியிருப்பேன் என்று நினைத்தேன். எண்ணவே பயமாக இருந்தது.

அந்தப் பெண்களே பிறகு சைக்கிள் பழகினார்கள், ஊரே வேடிக்கை பார்த்தது. அது வேறு கதை, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2003 ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் என்னைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கிய சமயம். ராத்திரி வந்து வேனில் ஏற்றிய காவலர்களில் ஒருவன் என் பழைய மாணவன். வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறேன் அவனை, எத்தனையோ நாள். வேனில் ஏறும்போது என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "படி உசரமா இருக்கு சார், பார்த்து" என்றான். விடியற்காலம் டீ வாங்கிக்கொடுத்தான். அவன் மறந்துவிட்டானா, மன்னித்துவிட்டானா, இல்லை அவன் வேலையை அவன் பார்த்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வந்ததில்லை.

ஆகவே கொள்ளிடக்கரை தம்பிக்கு: மேடையில் சால்வை போர்த்தும்போது இதைக் கிளறாதீர்கள். அதற்கு முன்னால் அவரை வீட்டில் போய்ப் பாருங்கள். அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். வாத்தியாருக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கலாம்.

#6 வடமராட்சியான் | ஜூலை 5, காலை 8:50

டொரோண்டோவில இருந்து எழுதிறன். சாக்பீஸ்தூள் ஐயா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன்.

எங்கட யாழ்ப்பாணத்திலயும் அடிதான். எங்களுக்குக் கணிதம் படிப்பிச்ச மாஸ்டர் பூவரசந்தடியாலை அடிப்பார். தொண்ணூறுக்குப் பிறகு கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, விலை யானை விலை. ஜாம் போத்திலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, அதில நனையிற அளவு எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்திலதான் ஓ.எல். (உங்கட எஸ்.எஸ்.எல்.சி. மாதிரி) படிச்சம். ஹெலி சுத்தினால் விளக்கை ஊதிப்போட்டு இருட்டுக்க இருந்து வாய்ப்பாடு சொல்லுவம். மாஸ்டர் ஒருநாளும் வகுப்பு விட்டதில்லை. பொம்பர் வந்தாலும் சைக்கிளை வேலியோட சாத்திப்போட்டு பங்கருக்குள்ள வந்து நிண்டு மிச்சக் கணக்கைச் சொன்னவர். அடியும் விட்டதில்லை.

தொண்ணூற்றைஞ்சு ஒக்டோபர் 30. ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது. அந்த நேரம் எங்கட குடும்பம் நல்லூரில. மழை. நாவற்குழிப் பாலத்தால சனம் அங்குலம் அங்குலமா நகருது. ரெண்டு மூண்டு நாளுக்குப் பிறகு சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூடத்தில சாப்பாட்டுக்கு வரிசை. எனக்கு நாலு பேருக்கு முன்னால மாஸ்டர், கையில ஒரு சட்டி. திரும்பிப் பாத்தவர். என்னைக் கண்டிட்டுத் தலையைக் குனிஞ்சிட்டார். எனக்கு அடிச்ச அவ்வளவு அடியும் நோகேல்லை, அது நொந்தது.

அதால எனக்கு அவரில கோபம் இல்லை. ஆனா ஒண்டு. என்னை அவர் சாதி சொல்லி அடிக்கேல்லை. அப்பிடி அடிவாங்கின பெடியள் எங்கட வகுப்பிலயும் இருந்தவங்கள். அவங்கள் ஒருத்தரும் இங்க நடக்கிற பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்கு வாறேல்லை. ஏன் வாறேல்லை எண்டு நாங்களும் கேட்டதில்லை. இப்ப இதை எழுதேக்கதான் யோசிக்கிறன்.

#7 வாய்ப்பாடு16 | ஜூலை 5, பகல் 1:15

நடுவில் ஒரு வார்த்தை. அடி நின்றுவிட்டது, சந்தோஷம். என் பையன் படிக்கிற தனியார் பள்ளியில் ஒரு தட்டுக்கூடத் தட்ட மாட்டார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு வாரத் தேர்வு முடிந்ததும் மொத்த வகுப்பின் மார்க்கையும் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள், கடைசி ஐந்து பேர் சிவப்பு நிறத்தில். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசாங்கமே 2017-ல் நிறுத்திவிட்டது. இவர்களுக்கு நிறுத்த மனசில்லை. போன வாரம் என் பையன் சிவப்பு. மூன்று நாள் லிஃப்டில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புளிய விளார் பரவாயில்லையோ என்று தோன்றியது. தப்பாகத்தான் தோன்றியது, தெரியும்.

#8 முதல்தலைமுறை | ஜூலை 5, மாலை 6:02

கொள்ளிடக்கரை அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் பதிவில் "சார் அடித்தார்", "என்றார்" என்றெல்லாம் சொல்லிவிட்டு, "வகுப்பில் ஒரே சிரிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்தது யார்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.

#9 நிர்வாகி | ஜூலை 5, மாலை 6:30

சாதிப் பெயர் குறிப்பிட்ட இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, பூட்ட வைத்துவிடாதீர்கள்.

#10 கொள்ளிடக்கரை | ஜூலை 6, ஞாயிறு, இரவு 9:48

நேற்றே பதில் போட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

நான் சிரித்தேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், திரும்பி அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். நானும் அவனும் ஒரே தெருவழியாகப் பள்ளிக்கு வருகிறவர்கள். சத்துணவுக்கு ஒரே வரிசையில் நிற்போம், அவன் தட்டு கொண்டுவராத நாளில் என் தட்டு. அது 84-ல் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் சத்துணவு வந்த நாளிலிருந்து வழக்கம். அப்படிப்பட்டவனைப் பார்த்துச் சிரித்தேன். சாருக்குப் பயந்து சிரித்தேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் சரியில்லை. எனக்கு அது நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது.

இன்று மத்தியானம் அவனுக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் கட்டிங் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். துணியை அடுக்காக விரித்து, மேலே மார்க்கர் வைத்து, முன்பாகம், முதுகு, கை எல்லாவற்றையும் துண்டு வீணாகாமல் பொருத்துவது எப்படி என்று. "ஒரு இஞ்ச் தப்பினா மொத்த லாட்டும் போச்சு, மனக்கணக்குதான்டா எல்லாம்" என்றான். கடைசியில் நானே ஆரம்பித்தேன். சார் அன்றைக்குச் சொன்னது தப்புதான் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அவர் சொன்னதைவிட, நீங்க சிரிச்சீங்கள்ல. அதான்டா. சார் வந்தா வரலைன்னு சொன்னேன், அப்பத்தான் நீங்க விடுவீங்க. உங்களால வரலைன்னா எப்படிச் சொல்றது?"

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, சாப்பிட்டியா" என்றான்.

குழுவில் இதை எப்படிப் போடுவதென்று தெரியவில்லை. நாற்பத்தொரு பேர். ஆளுக்கொரு சால்வை விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

#11 பெஞ்சு_4 | ஜூலை 6, இரவு 10:20

நான் போட்ட மாட்டுப் பழமொழியை எடுத்துடலாம்னு பார்த்தேன். திருத்துற நேரம் தாண்டிடுச்சு. இருக்கட்டும்.

#12 ஆறாம்வகுப்பு_அ_பிரிவு | ஜூலை 7, திங்கள், இரவு 8:15

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். இப்போது வேலையில் இருப்பவர் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) வருகைப் பதிவு, பிள்ளைகளின் எடை உயரம், விலையில்லாப் பொருள் கணக்கு என்று போனை நோண்டி முடித்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

நோட்டு கொண்டுவராத பிள்ளையிடம் இப்போது நான் முதலில் கேட்பது "காலையில சாப்பிட்டியா?" பத்தில் ஐந்து தடவை விஷயம் அங்கேதான் இருக்கும். 2022-ல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவு வந்தது, அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போனது. அது ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாவதுக்கு என்னிடம் வருகிற பிள்ளைக்குப் பசி திரும்ப ஆரம்பிக்கிறது. பையில் எப்போதும் பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, பத்து ரூபாய்.

சிரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வகுப்பில் பயமே அதுதான். அடிக்கக் கூடாது என்று ஆசிரியருக்குச் சொல்லலாம், சுற்றறிக்கை போடலாம். முப்பது பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதற்குச் சுற்றறிக்கை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு போட்டு, கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று 2024-ல் அறிக்கை வந்தது. கயிறை நானும் அவிழ்த்து வாங்கி மேசையில் போட்டுவைத்தேன். ஒரு மாதத்தில் பேனா மூடி கலருக்கு மாறிவிட்டார்கள். பதினோரு வயது. யார் சொல்லித்தந்தது?

போன வருஷம் ஒரு பிள்ளையை "இஸ்திரிப்பெட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதட்டினால் என் காதுக்குக் கேட்காமல் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் நடக்கும். அதனால் அவன் அம்மாவையே வகுப்புக்கு வரச் சொன்னேன். கரிப் பெட்டியோடு வந்தார். வெப்பம், உலோகம், கரி எரிய எதற்குக் காற்று, பெட்டியில் எதற்கு ஓட்டை, எல்லாம் அந்த அம்மா சொன்னதுதான் அன்றைக்குப் பாடம். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். பெயர் நின்றதா என்றால், பாதி நின்றது. மீதிப் பாதிக்கு என்ன செய்வதென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

#13 கொள்ளிடக்கரை | ஜூலை 14, திங்கள், இரவு 10:30

சாக்பீஸ்தூள் ஐயா சொன்னபடி சனிக்கிழமை ஊருக்குப் போய்ச் சாரைப் பார்த்தேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம். என்னைத் தெரியவில்லை, அப்பா பேரைச் சொன்னதும் "ரேஷன் கடை பையனா" என்றார். பதினேழு பெருக்கல் பதின்மூன்று எவ்வளவு என்று கேட்டார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, திண்ணையில் நின்று வேர்த்துவிட்டது. 221 என்றேன். "கை நடுங்காமச் சொல்லணும்" என்றார்.

பிறகு நண்பன் பேரைச் சொன்னேன். அப்பா என்ன வேலை, எந்தத் தெரு, எந்த வருஷம் நின்றான், எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். "அப்படி ஒருத்தன் நம்மகிட்டப் படிச்சானா?" என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை. இப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மறுப்பார், இல்லையென்றால் வருத்தப்படுவார் என்றெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வரும்போது எனக்குக் கோபமா, வேறு எதுவா என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் 27-ஆம் தேதி வருகிறார். நண்பன் வரவில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டான். வற்புறுத்தவில்லை.

ஆனால் அவனுக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. பி.எஃப். கணக்கில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் ஜனவரி ஒன்று. ஓய்வூதியத்துக்குச் சரிசெய்யப் பள்ளிச் சான்று கேட்கிறார்களாம். அவன் டி.சி. வாங்கவே இல்லை. "முடிஞ்சா பாருடா, இல்லேன்னா விட்டுடு" என்றான். ஆறாம்வகுப்பு டீச்சர், இத்தனை வருஷத்துக்குப் பிறகு கிடைக்குமா?

#14 ஆறாம்வகுப்பு_அ_பிரிவு | ஜூலை 14, இரவு 10:52

சேர்க்கைப் பதிவேடு நிரந்தரப் பதிவேடு, எந்தப் பள்ளியிலும் அழிக்க மாட்டோம். கரையான் தின்னாமல் இருந்தால் சரி. நண்பர் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். சேர்ந்த வருஷம் தெரிந்தால் தேடுவது சுலபம்.

#15 வடமராட்சியான் | ஜூலை 28, திங்கள், இரவு 9:10

ஒன்றுகூடல் முடிஞ்சுதா அண்ணை? என்ன நடந்தது?

#16 கொள்ளிடக்கரை | ஜூலை 29, செவ்வாய், இரவு 11:05

முடிந்தது. முப்பத்தாறு பேர். சாப்பாடு நன்றாக இருந்தது, பாயசம் மட்டும் கொஞ்சம் தண்ணி. கணக்கு சாருக்கும் சால்வை போட்டோம். மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பித்தாகரஸ் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நண்பனைப் பற்றி மேடையில் யாரும் பேசவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் ஒருவன் தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் சிரிச்சேன்டா அன்னிக்கு" என்றான். இன்னொருத்தி, எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படித்தவள், "எனக்கு அப்படி ஒண்ணு நடந்ததே ஞாபகம் இல்லையே" என்றாள். சாருக்கு வந்த அதே மறதி. அதற்கு மேல் பேச்சு போகவில்லை.

டி.சி. கிடைத்துவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். இப்போதிருக்கும் தலைமையாசிரியை நல்ல மாதிரி, பீரோவைத் திறந்து பதிவேட்டை அவரே எடுத்துப் போட்டார். தடி அட்டை, முதுகில் துணி ஒட்டியது. எங்கள் எல்லோருடைய பேரும் இருக்கிறது. பாதிப் பேருக்கு மே மாதம்தான் பிறந்தநாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால் ஐந்து வயது, தேதி வாத்தியார் மனசுப்படி. எனக்கு மே 18. அவனுக்கு மே 20. இத்தனை நாளும் அவன் என்னைவிட இரண்டு நாள் இளையவன் என்று எனக்குத் தெரியாது, அதுவும் நிஜமாக இருந்தால்.

பள்ளியை விட்ட காரணம் என்ற கட்டத்தில் "நெடுநாள் வருகையின்மை" என்று நீல மையில் இருந்தது. அழகான கையெழுத்து.

எழுத்தர் டி.சி.யை நிரப்பிக் கொடுத்தார், தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டு, அசலைக் கூரியரில் போட்டேன். ராத்திரி கூப்பிட்டான். தேதி சரியா, அப்பா பேர் சரியா என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தான். மாணவரின் நடத்தை என்ற இடத்துக்கு வந்ததும் நின்றான்.

"நடத்தை: நன்று. யாருடா எழுதினது இது?"

"எழுத்தர்தான். ஒரு பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருக்கும்."

"என்னைத் தெரியுமா அதுக்கு?"

"எல்லாருக்கும் அதான் போடுவாங்களாம்."

"ஓ" என்றான். பிறகு, கூரியர் எப்போது வந்து சேரும் என்று கேட்டான்.